அரைப் பேர்

கொழுந்து நிறை குறைஞ்சால்
கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார்.
பதினேழு வயதில் என்னையும்
அப்படித்தான் நிறுத்துப் பார்த்தார்கள்.

முதலில் கண்டது பேச்சாயி அத்தை.
பீலிக்கரையில் நான் குனிந்து வாந்தியெடுக்க
இடுப்புக் குடத்தை இறக்காமலே
"எத்தன மாசம்?" என்றாள்.
எனக்கே தெரியாத கணக்கு.
பீலித் தண்ணி மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டன் பஸ்.
அத்தையின் தோடு அடகுக் கடையில்,
அவள் முந்தானை முடிச்சில் ஏழாயிரம்,
என் பையில் ஓ.எல். பரீட்சை நேரசூசி.
அதை ஏன் எடுத்துப்போனேன்
என்று இன்றுவரை தெரியாது.

பார்மசிக்குப் பின்னால் நீலக் கதவு.
வாசலில் ஒரு பெஞ்சு.
உள்ளேயிருந்து டெட்டோல் வாசமும்
யாரோ ரேடியோவைக் கூட்டி வைக்கும் சத்தமும்.
அத்தை என் கையைப் பிடித்துச் சொன்னாள்:
"கவ்வாத்துன்னு நெனச்சுக்கடி.
வெட்டுனா மறுபடி தளிர்க்கும்."

"தளிர்க்கிறது செடிதானே அத்தை?
வெட்டி விழுந்த மிலாறு
அடுப்புக்குத்தானே போகுது?"

தைரியம் என்று யாரும் சொல்லவேண்டாம்.
பயத்தில்தான் எழுந்தேன்.
பயத்திலேயே பஸ் ஸ்டாண்ட்வரை நடந்தேன்.
அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.
இரண்டு உளுந்து வடையும் பிளேன்டீயும் வாங்கினாள்.
அவளுடைய வடையையும் நானே தின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை
இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது.
பரீட்சை மண்டபத்தில் என் கதிரை காலி.
அப்பா ஐந்து மாதம்
சுவரைப் பார்த்துத்தான் சோறு தின்றார்.
புறக்கோட்டைக் கடையில் நின்ற கஜேந்திரனின் நம்பர்
பாவனையில் இல்லை என்று
ஒரு பெண்குரல் மூன்று பாஷையில் சொன்னது.
கலைப்பது பாவம் என்று கோயிலில் சொன்னவர்கள்
பால்மா தீர்ந்த கிழமை
எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை.
பதிவுக்காரர் தகப்பன் பெயருக்கு நேரே
அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார்.
அவ்வளவு நேரான கோட்டை
நான் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.

ஜெசிந்தா அந்த நீலக் கதவுக்குள் போனவள்.
மூன்று நாள் காய்ச்சல்.
எட்டுக் காம்பராவும் குரலைத் தாழ்த்திக்கொண்டன.
அவளை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன்.
இன்றும் எனக்குப் பக்கத்து நிரைதான் அவளுக்கு.
ஐப்பசியில் ஒரு நாள் மட்டும் மலைக்கு வரமாட்டாள்.
ஏன் என்று நான் கேட்பதில்லை.
அன்றைக்கு அவள் நிரையையும் சேர்த்துக் கிள்ளுவேன்.

ஆனால் என்னைக் கேட்டால்
வேண்டாம் என்றுதான் சொல்வேன்.
சட்டத்துக்காக இல்லை. சாமிக்காகவும் இல்லை.
அந்த பெஞ்சில் அத்தையும் நானும்
இரண்டு பேர் என்றுதான் நினைத்திருந்தேன்.
எழுந்தபோது எண்ணிப் பார்த்தேன்.
மூன்று பேர்.
அந்த எண்ணிக்கையைத் திரும்பக் குறைக்க
எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் இருட்டுகிற நேரம்
மேல் லயத்து மோகனாவின் மகள்
என் கதவுக்கு வந்து நின்றாள்.
பள்ளிக்கூடச் சட்டை, ஈரச் செருப்பு,
வயிற்றின்மேல் இறுக்கிப் பிடித்த புத்தகப் பை.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
சுவரைப் பார்த்துச் சோறு தின்ற அப்பாவும்
காலியான பால்மா டின்னும் நினைவுக்கு வந்தன.
"உள்ள வா, ரொட்டி சூடா இருக்கு" என்றேன்.
அவள் மூன்று ரொட்டி தின்றாள்.
பிறகுதான் பேசினோம், விடியும்வரை.

இன்று சம்பளத் துண்டை
என் மகள் யதுஷா வாசிக்கிறாள்.
பதினான்கு வயது. கணக்கில் கெட்டி.
"அம்மா, இந்த மாசம் உங்களுக்கு
ரெண்டு நாள் அரைப் பேர் போட்டிருக்காங்க.
கிளினிக்குக்கு யாரோட போனீங்க?"