தேவை எண் 118

கதவு விரைவில் மூடப்பட வேண்டும்
என்று எழுதியிருந்தேன்.
யெல்டா சிவப்பில் சுழித்து அனுப்பினாள்:
விரைவில் என்றால் எத்தனை நொடி?
அளக்க முடியாததைக் கேட்காதே.

கோபமில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு தேவைகளையும்
குழந்தையைத் தூங்கவைத்த பிறகு
அவள்தான் வரிவரியாகப் படிக்கிறாள்.
லெனார்ட்டுக்குச் செலவு. ஒசேமேகாவுக்கு இடர்ப் பட்டியல்.
எனக்கு டிராம் கதவு:
ஒரு பக்கம் மனிதர்கள்
மறுபக்கம் கால அட்டவணை.

ஓசூரில் எட்டு வருடம்
பிரேக் வால்வு சோதித்தவள் நான்.
அழுத்தம் நின்றால் தேர்ச்சி, கசிந்தால் குப்பை.
முப்பத்துநாலு வயதில் கடன் வாங்கி இங்கே வந்து
தெரிந்துகொண்டது இவ்வளவுதான்:
வால்வும் நல்லது, குழாயும் நல்லது,
இரண்டும் சேருமிடத்தில்தான் கசியும்.
கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு
இது பட்டமில்லாமலே தெரியும்.

உல்ம் நகரம். நவம்பர்.
டான்யூபிலிருந்து ஏறிய மூட்டத்தில்
தேவாலயத்துக்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது,
கோபுரத்தைக் காணோம்,
பாதியில் நிதி தீர்ந்த திட்டம்போல.

நிறுத்தத்தில் நிற்கிறேன், கையில் நொடிமானி.
நடைவண்டி தள்ளிவந்த பெரியவர், பதினொன்று புள்ளி இரண்டு.
பள்ளிப் பையன்கள் ஆறு பேர், ஒரே தள்ளில் மூன்று.
கைபேசியில் அழுதுகொண்டிருந்த ஒருத்தி
கதவு திறந்ததைப் பார்த்தாள், ஏறவில்லை.
அவளை எந்தக் கட்டத்தில் எழுத?

தம்பி கேட்டிருந்தான், வேலை எப்போது கிடைக்கும் என்று.
சீக்கிரம் என்று தட்டி
அனுப்பாமல் நிறுத்தினேன்.
யெல்டா சுழிப்பாள்.

இந்த ஊரில் குருவிக்குச் சிலை உண்டு.
முன்னொரு காலத்தில் உத்தரத்தைக் குறுக்கே தூக்கிவந்து
நகரவாசலில் முட்டி நின்றார்களாம்.
வாசலை இடிக்கலாமா என்று கூட்டம் கூட்டினார்களாம்.
நிச்சயம் அதற்கொரு செலவுப் பட்டியலும் போட்டிருப்பார்கள்.
அப்போது ஒரு குருவி
வைக்கோலை நீளவாக்கில் கொண்டு கூட்டுக்குள் போனதாம்.
நம் குருவிக்கு ஏது வைக்கோல்?
அதன் தலையில் பனங்காய்.
இரண்டையும் எனக்குத் தெரியும்.
முதலாவது வகுப்பில் வருகிறது,
மற்றது மாதம் ஐந்தாம் தேதி, தவணையோடு.

பதினேழாவது அளவீடு.
கதவு மூடும் ஒலி தொடங்கிவிட்டது.
மூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் ஓடிவருகிறான்,
அக்குளில் இரண்டு மீட்டர் திரைச்சீலைக் கம்பி.
நான் எதையும் முடிவு செய்யவில்லை.
என் கால் போய்க் கதவிடுக்கில் நின்றது.
கம்பி குறுக்கே மாட்டிக்கொண்டது.
அவன் தள்ளினான், பின்வாங்கி மறுபடியும் தள்ளினான்.
உள்ளே இருந்த நாலைந்து பேர் ஒரே குரலில்:
நீளவாக்கில்!

முப்பத்தொரு நொடி.
ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பார்த்தபடி
காத்திருந்தாள்.
எங்கள் அட்டவணையில்
அந்தப் பார்வைக்கு எண் கிடையாது.

தாளில் எழுதினேன்:
அளவீடு 17, செல்லாது.
காரணம், அளந்தவரின் இடது கால்.

இரவு லெனார்ட் கணக்குப் போட்டுக் காட்டினான்,
முப்பத்தொரு நொடி திறந்த கதவால்
வருடத்துக்கு எவ்வளவு வெப்பம் வீணாகும் என்று.
ஒசேமேகா சிரித்துக்கொண்டே
என் காலை இடர்ப் பட்டியலில் சேர்த்தான்,
நிகழும் வாய்ப்பு: அதிகம்.

118ஐத் திருத்தினேன்:
வாசலில் எவரும் இல்லாதபோது
ஏழு நொடிக்குள் கதவு மூடப்பட வேண்டும்.

பதினொன்றரைக்கு யெல்டா பதில் போட்டாள்:
எவரும் இல்லை என்று யார் பார்ப்பது?

புது வரி திறந்தேன். எண் 213.
எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
தம்பிக்கும்தான்.