லைன் ஆஃபா?

எதைத் தொடுவதற்கு முன்னும் அப்பா கேட்கிறார்:
"லைன் ஆஃபா?"
டம்ளருக்கு. பல்செட்டுக்கு. சட்டைப் பொத்தானுக்கு.

முப்பத்தோரு வருஷம்
முதுநகர் செக்‌ஷனில் கம்பம் ஏறியவர்.
தானே புயலுக்குப் பிறகு பத்தொன்பது நாள்
வீட்டுப் பக்கமே வராமல்
ஊருக்கெல்லாம் விளக்கு ஏற்றிவிட்டு
எங்கள் தெருவுக்குக் கடைசியில் வந்தவர்.
இப்போது இட்லியை நம்பமாட்டேன் என்கிறார்.

"ஆஃப்தாம்ப்பா" என்றால்தான் வாய் திறக்கும்.
ஒரு இட்லிக்கு ஒன்பது தடவை.
பத்தாவதற்குள் முனையில் வேன் ஹாரன் அடிக்கும்.
ஒற்றைக் கால் சாக்ஸோடு நின்று
இதழினி கேட்கிறாள்:
தாத்தாவுக்கு டெய்லி ஷாக் அடிக்குமாம்மா?

வியாழக்கிழமை ஜிப்மர்.
விடியாத பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்.
ரெட்டிச்சாவடி தாண்டும்வரை கம்பங்களை எண்ணினார்,
பிறகு என் தோளில் தூங்கினார்.
கூட யார் இருந்து பார்த்துக்கிறீங்க என்றார் டாக்டர்.
"நாங்க" என்றேன்.
அந்த 'நாங்க'வில்
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்கும் ஒருவர்,
மஸ்கட்டிலிருந்து
'நல்லா பாத்துக்க' என்று மூன்று கும்பிடு அனுப்பும்
தம்பி பாவேந்தன்,
அப்புறம் நான்.

சாயங்காலம் மஞ்சை நகர் மைதானம்.
படிக்கட்டில் அப்பாவை உட்காரவைத்து
மடியில் என் கைப்பையை வைக்கிறேன்:
பத்திரமா பாத்துக்கோங்கப்பா, எந்திரிக்கக் கூடாது.
போன மாசம் கம்பி போன வழியே
செம்மண்டலம் வரை நடந்துவிட்டவர்.
கால் சைக்கிளுக்குப் பின்னால் ஓட
கழுத்து படிக்கட்டைப் பார்த்தே திரும்பியிருக்கிறது.
"பிடிச்சிருக்கியாம்மா?"
"பிடிச்சிருக்கேன்."
நான் கையை எடுத்து மூன்று நாளாகிறது.

இவளிடம் ஒரு பொய்,
அவரிடம் ஒரு பொய்.
இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்கவேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.

ஒருநாள் மாற்றிச் சொன்னேன்.
கணக்குப் பரீட்சையில் அவள் பன்னிரண்டு,
அடுப்பில் பால் பொங்கி வழிந்த அன்று,
ரசம் சோற்றுக்கு முன் அவர் கேட்க
"ஆன்லதான் இருக்கு, போங்க" என்றேன்.
கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.
மூன்று மணிவரை அப்படியே.
தட்டின்மேல் ஈ.
பள்ளி விட்டு வந்த பிள்ளை
பையைக்கூடக் கழற்றாமல் அவர் முன் குந்தி
"தாத்தா, ஆஃப் பண்ணிட்டாங்க" என்றாள்.
அவளிடம் அதை நான் சொல்லித்தந்ததே இல்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரை.
பாத்திரம் முடிந்தது. யூனிஃபார்ம் முடிந்தது.
மாத்திரை டப்பாவில் வெள்ளிவரை நிரப்பியாயிற்று.
அவருடைய போர்வையை ஊறவைக்க
ஈரக் கையோடு ஹீட்டர் ஸ்விட்சுக்குப் போனவள்
ஏனோ நின்றேன்.
யாரிடம் என்று தெரியாமல்,
கொஞ்சம் விளையாட்டாக,
இருட்டிடம் கேட்டேன்:
லைன் ஆஃபா?

உள்அறையிலிருந்து,
பத்து வருஷமாக நான் கேட்காத குரலில்,
கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனுக்குச் சொல்வதுபோல்
அப்பா சொன்னார்:
"இன்னும் இல்ல. தொடாத.
நான் சொல்றவரைக்கும் அப்படியே இரு."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
கையிலிருந்து நீர் சொட்டி நின்றது.
போர்வை அப்படியே கிடந்தது.
அவர் எப்போது சொன்னாரோ,
இல்லை சொல்லவே இல்லையோ,
நான் விழித்தபோது
வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம்.