பெட்டி வந்து சேர்ந்தது

நாங்கள் வீடு திரும்பிப்
பதினோரு நாள் கழித்துப்
பெட்டி வந்து சேர்ந்தது.
கையெழுத்து வாங்கிக்கொண்ட பையன்
சேற்றுப்பனியில் வழுக்கியபடி போனான்.
லூப்ளினில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போடுகிற மாதம்.

கைப்பிடியில் ஊர்ச் சீட்டுகள்:
லிஸ்பன். டொராண்டோ. மறுபடி லிஸ்பன்.
நாங்கள் பார்க்காத நாட்டை
விட்டோல்டின் நீச்சல் டவுசர்
பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

திறந்தேன்.
டிராலிபஸ் ஓட்டிச் சேர்த்த காசில்
வாங்கிய மஞ்சள் கவுன், விலைச்சீட்டோடு.
மூடி திறக்காத வெயில் களிம்பு.
தீவுக்கென்றே எடுத்த தொப்பி.
மடித்தது மடித்தபடி.

பணிமனையில் கிரஷினா கேட்டாள்,
கடல் எப்படி இருந்தது?
நீலம், என்றேன்.
பொய்.
அசோர்ஸில் ஏழு நாளில் ஐந்து நாள் மூடுபனி.
கடல் அங்கே இருக்கிறது என்று
காதால்தான் தெரிந்துகொண்டோம்.

திமிங்கிலம் பார்க்க ஆளுக்கு அறுபது யூரோ.
படகுக்காரன் கை நீட்டிய பக்கமெல்லாம்
நாங்கள் திரும்புவதற்குள்
தண்ணீர் மூடிக்கொண்டது.
விட்டோல்ட் காலையில் தின்ற முட்டையைக்
கடலுக்கே கொடுத்தான்.
ஒரு ஜெர்மன் குழந்தை கைதட்டியது.
பணம் திரும்பாது என்றார்கள்,
வால் படம் போட்ட காந்தம் இலவசம்.
இப்போது அது குளிர்பெட்டிக் கதவில்
மின்கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள் வாடகைக் காரில்
மாடுகள் சாலையை மறித்த இடத்தில்
ஆரம்பித்தது.
இந்தத் தீவு யார் யோசனை என்பதில் தொடங்கி,
கடைசி மாடு கடக்கும்போது
அவன் அம்மாவரை போயிருந்தோம்.
அன்று இரவு படுக்கையில்
நடுவே ஒரு தலையணை.

இதையெல்லாம் கிரஷினாவிடம் சொல்லவில்லை.
டியோலிண்டாவைப் பற்றியும் சொல்லவில்லை.

அறை வாடகைக்கு விட்டவள்.
முதல் இரவு, மாற்றுத்துணி இல்லாமல்
நனைந்து நின்ற எங்களைப் பார்த்து
உள்ளறை அலமாரியைத் திறந்தாள்.
மகனுடையது: சட்டைகள், பந்தாட்ட டவுசர்,
கரும்பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்று.
அவள் பேசியதில்
டொராண்டோ என்ற சொல் மட்டும் புரிந்தது.
ஒன்பது விரல் காட்டினாள்.
மாதமா வருடமா என்று கேட்க
எங்களிடம் போர்ச்சுகீஸ் இல்லை.
விட்டோல்ட் அதை மாட்டிக்கொண்டு மாடி இறங்கியபோது
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வெகுநேரம் எதையோ கிளறினாள்.
அடுப்பு எரியவில்லை.

ஆறாம் நாள் அவள்தான்
ஃபுர்னாஸுக்குக் கூட்டிப்போனாள்.
துருநிற வெந்நீர்க் குளம்.
அவளுடைய கறுப்பு நீச்சலுடையில்
என்னைப்போல் இரண்டு பேர் கொள்ளும்;
தோளில் ஊசி குத்திக்கொண்டு இறங்கினேன்.
தலையில் குளிர்மழை, கழுத்துக்குக் கீழே
பூமியின் வயிற்றுச் சூடு.
யாரோ ஒரு பையனின் பந்தாட்ட டவுசரில்
மிதந்துகொண்டிருந்தான் என் புருஷன்.
போஷேனா, கால் விரலே தெரியலை! என்றான்,
லாட்டரி விழுந்தவன்போல.
நானும் என் விரல்களைத் தேடினேன்.
நிஜமாகவே இல்லை.
அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.
வருடத்தின் மற்ற நாட்களையெல்லாம்
அந்த முக்கால் மணி நேரத்துக்கு
மாற்றிக்கொள்ளக் கேட்டால்
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்
முடியாது என்பேன்.

பிறகு மண்ணுக்குள் வெந்த சாப்பாடு.
முட்டைக்கோஸில் தீக்குச்சி வாசனை.
இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கம்பளிச் சட்டை எங்களோடு வந்துவிட்டது.
கழற்றித் தர அவன் மறந்தானோ
கேட்க அவள் மறந்தாளோ.
துவைத்து உறைக்குள் வைத்தேன்,
முகவரி எழுதும் இடத்தில் பேனா நின்றது.
அவளுக்கா?
அல்லது, எங்கள் பெட்டி போய்வந்த வழியிலேயே
அவனுக்கா?
அவன் பெயர்கூடத் தெரியாது.

இன்று காலை உறை தட்டையாகக் கிடந்தது.
ஜன்னலுக்கு வெளியே விட்டோல்ட்
பனி வாரிக்கொண்டிருந்தான்,
மூன்று விரல் நீளம் அதிகமான கைகளை
மடித்து மடித்து விட்டுக்கொண்டு.