மீன் மூட்டை

சாத் ஏரிக்கரையில் ஏற்றிய கருவாடு
நாற்பத்தொரு மூட்டை.
வடக்கே ஃபாயா சந்தைக்கு நான்கு நாள் என்று பேச்சு;
இன்று ஆறாவது.
போதெலேப் பள்ளத்தில் லாரியின் பின்சக்கரம்
அச்சுவரை இறங்கிவிட்டது.

மணலென்றால் வர்துகுவுக்குப் பழக்கம்.
இது மாவு.
வெள்ளை, எடையில்லாதது,
மண்வெட்டி தொட்டதும் எழுந்து
மூக்கிலும் டீசல் தொட்டியிலும் புகுவது.
ஒரு காலத்தில் நீரில் மிதந்த பாசிகளின் ஓடு என்று
கிணறு தோண்ட வந்த ஒருவன் சொன்னான்.
அவனைப் பார்த்துச் சிரித்ததை
இருமிக்கொண்டே நினைக்கிறான்.

இரண்டு முழ ஆழத்தில் தட்டுப்பட்டது
ஒரு முள்ளெலும்பு.
தேநீர்க் கிளாஸ் அகலம்,
நடுவில் குழி.

மூட்டைகளின் சொந்தக்காரி அஷ்தா
ஒன்றும் பேசாமல் மேலேறினாள்.
சாக்கின் வாயவிழ்த்து, ஒரு மீனை முறித்து,
முதுகிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றி
பக்கத்தில் வைத்தாள்.

சின்னதும் பெரிதும்.
அதே வார்ப்பு.

"சரிதான்," என்றாள்,
"கூலி கொடுத்து நான் ஏற்றிவந்தது
இதுகளின் சொந்த ஊருக்கு."

உச்சி வெயிலில் தகடு போட்டுக் கிளப்பினார்கள்.
சக்கரம் பிடித்தது.
தள்ளிய எட்டுப் பேருக்கும் தலை நரைத்திருந்தது.
வாய் கொப்பளிக்க
ஆளுக்கு ஒரு மிடறு, அவ்வளவே தண்ணீர்.

எல்லோரும் விழுங்கிவிட்டார்கள்.
அஷ்தா மட்டும் கன்னம் உப்பக் குனிந்து
அந்த எலும்பின் குழியில் துப்பினாள்.

சட்டென்று கறுத்தது.
வர்துகு ஹாரன் அடிப்பதற்குள்
மறுபடி வெளுத்தது.