பதினொன்றாம் இலக்கம்

திருகோணமலையில் குண்டு விழுந்த கிழமை.
மண்டபத்து ஓடு கொதித்தது.
மடியில் கம்பளி: சாம்பல் நிறம்,
நாங்கள் ஒருநாளும் பாராத ஓர் ஆட்டின் வாடை.
கை வியர்த்தால் நூல் கறுக்கும் என்று
ஆளுக்கொரு கிண்ணத்தில் அரிசிமா,
கூப்பன் அரிசியில் இடித்தது.
விரலை அதில் தொட்டுத் தொட்டுப் பின்னினோம்
பலகாரம் சுடுகிறவர்கள் போல.

சண்டிலிப்பாய் மிஷனில் நாங்கள் பதினேழு பேர்.
உருக்கு ஊசி பத்துப் பேருக்குத்தான் வந்தது.
மற்றவர்களுக்குப் பழைய குடைக் கம்பி,
முனையை அம்மியில் தேய்த்து எடுத்தது.
எனக்குக் கிடைத்தது உபதேசியாரின் குடை.
நாலு கம்பியிலும்
அவர் நனைந்த மழையெல்லாம் துருவாகி இருந்தது.

கணக்குக் கடதாசியில் வந்திருந்தது.
அறுபத்துநாலு கண்ணி ஏற்று.
இரண்டு நேர், இரண்டு மாறு.
கணுக்காலுக்கு மேல் பன்னிரண்டு அங்குலம்.
பாதம் பதினொன்றாம் இலக்கம்.

பதினொன்று என்றால் எவ்வளவு?
சப்பாத்துப் போடுகிற ஆம்பிளைகள்
எங்கள் பக்கத்தில் மூன்றே பேர்.
போஸ்ற்மாஸ்ரர் ஏழு.
பிறக்கிராசியார் ஆறரை.
போதகர் கால் காட்ட விரும்பவில்லை.

"மாதன்ரை கால் பெரிசு"
என்றாள் எமிலி செல்லமுத்து.
சொன்னபின் தன் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.
மற்றவர்களும் எண்ணினார்கள்.

மிஷன் வளவுப் பனைகளில் சீவுகிறவன்.
வந்தான். இறப்புக்கு வெளியே, வெயிலில் நின்றான்.
உள்ளே சுவரில்
"வருத்தப்பட்டுப் பாரஞ் சுமக்கிறவர்களே,
நீங்கள் எல்லாரும்" என்ற வசனம் தொங்கியது.
ரெபேக்கா அக்கா
"நூலை எறி, அவனே அளந்து தரட்டும்" என்றா.
எறிந்தேன்.
காற்று அதைக் குரோட்டன் செடியில் போட்டது.

இரண்டு படி.
அதை ஏன் இறங்கினேன் என்று
இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.
வெயிலில் முழங்கால் போட்டேன். மணல் சுட்டது.
அவன் காலைப் பின்னுக்கு இழுத்தான்.
"வேண்டாம் பிள்ளை, ஊத்தை."

தளைநார் உரசிய இடத்தில்
தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை,
மரம் தன்னில் கொஞ்சம் விட்டுப் போயிருந்தது.
பாதி பின்னிய மேசை மாட்டினேன்.
குதிவெடிப்பில் கம்பளி சிக்கியது.
ஒரு கண்ணி நழுவிற்று.
பெருவிரல் வரை இன்னும் நாலு விரற்கடை.

"ஆருக்குப் பிள்ளை இது?"
"சண்டைக்குப் போனவைக்கு. குளிர் தேசத்திலை நிக்கினம்."
"எவ்வளவு குளிர்?"
நான் அறிந்த குளிர் கிணற்றடியோடு முடிகிறது.
நான் பேசாதிருக்க அவனே சொன்னான்:
"மார்கழி விடியலிலை உச்சியிலை இருந்தா
கைவிரல் விறைக்கும். கத்தி பிடிபடாது.
அப்பிடியோ?"
"அப்பிடித்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்,
ஒரு கால் மேசில், ஒரு கால் மணலில்.
பிறகு கழற்றி, உதறி,
இரண்டு கையாலும் நீட்டினான்.
"கழுவிப்போட்டுப் பின்னு" என்று ஒரு குரல் உள்ளிருந்து.
நான் கழுவவில்லை.

நாற்பத்தொரு சோடி, எல்லாம் அந்த அளவில்.
தகரப் பெட்டியில் அடுக்கிச் சுன்னாகத்தில் ஏற்றினோம்.
பின்னியவர் பெயர் எழுத ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.
என்னுடையதில் தமிழில் எழுதினேன்:
கால், மாதனுடையது.
அதை வாசிக்க அங்கே ஒருவரும் இல்லை என்பதால்
துணிவு வந்தது என்றும் சொல்லலாம்.

ஆவணியில் நன்றிக் கடிதம் வந்தது, அச்சடித்தது.
வசனத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

கம்பளியில் ஒரு பந்து மிச்சம்.
மேசு அவனுக்கு உதவாது,
மரத்தைப் பிடிக்க வெறுங்கால் வேண்டும்.
விரல் நுனி திறந்த கையுறை என்றால்
உள்ளங்கைக்கு நாற்பது கண்ணி போதும்,
கத்தி பிடிபடும்.

மார்கழி பிறந்துவிட்டது.
பந்து லாச்சியில் கிடக்கிறது.
காலை அளந்தேன்,
கையைக் கேட்கவில்லை.
வெளிக்கும் நேரம் வளவுப் பனையில்
முட்டியில் ஏதோ தட்டுப்படும் சத்தம்,
பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை,
விரல்களை அவன் ஊதிக்கொள்கிறான் போலும்.