இரண்டு கரண்டி

நவம்பரில் நார்மண்டிக்கு
நாலரை மணிக்கே கண் இருட்டிவிடும்.
லாரிக்காரர்கள் ஆறுக்கு வருவார்கள்
மழையைத் தோளில் போட்டுக்கொண்டு.

அதற்குள் ஒன்பது கிலோ வெங்காயம்
வதங்கி வதங்கி
ஒரு சட்டி அடியில்
பழுப்பாய் ஒட்டிக் கிடக்க வேண்டும்.
லீக்ஸ் தண்டின் மடிப்பில் மண் ஒளிந்திருக்கும்,
மூன்று தண்ணீர் மாற்றுவேன்.
டர்னிப், கட்டைவிரல் பருமன்.
செலரியில் தண்டைவிட இலைக்குத்தான் வாசம்,
எறிந்து எறிந்து கற்றது.

பிறகு அந்த பாட்டில்.

ஆப்பிளைப் பிழிந்து, புளிக்கவிட்டு, காய்ச்சி,
ஓக் பீப்பாயில் ஆறு வருடம்
வாயை மூடிக்கொண்டு இரு என்று வைத்த
கால்வடோஸ்.
மேல்தட்டில், பூட்டுக்குள்.
சாவி முதலாளி கிஸ்லேனிடம்.
நாலு மணிக்கு வந்து திறப்பாள்.
இரண்டு கரண்டி அளந்து கிண்ணத்தில் ஊற்றி
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள்.
நானே கேட்டு வாங்கிய அவமானம்,
அதனால் வலிப்பதில்லை.

நான்கு வருடம் இரண்டு மாதம்.
நாள் கணக்கும் தெரியும். சொல்ல மாட்டேன்.

சட்டியில் அது விழும்போது ஒரு சீறல்.
அடியில் பிடித்ததெல்லாம் பிடியை விடும்.
குச்சி கிழித்துக் காட்டினால்
நீலச் சுடர் எழுந்து
புருவம்வரை எட்டிப் பார்த்து அடங்கும்.
ஒரு தோட்டத்து ஆப்பிள் மொத்தமும்
அறைக்குள் வந்து போகும்.
ஜன்னலைத் திறந்துவிட்டு
வாயால் மூச்சு விடுவேன்.

எல்லாம் எரிந்துவிடும் என்பார்கள்.
எரியாது. கொஞ்சம் தங்கும்.
தங்குவதைப் பற்றி
என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

ஆகவே என் சூப்பை நான் ருசி பார்ப்பதில்லை.

பாத்திரம் கழுவும் மயெலிஸ் பார்ப்பாள்.
ரப்பர் கையுறையைக் கழற்றாமலே
கரண்டியை வாங்கி ஊதி, மூக்கைச் சுருக்கி
தினமும் ஒரே தீர்ப்பு:
"உப்பு, ஓபேன். இன்னும் ஒரு சிட்டிகை."
நாளடைவில்
அந்தச் சிட்டிகையை நிறுத்திவைத்தே
சமைக்கப் பழகிவிட்டேன்.
சொல்கிறவளுக்குச் சொல்ல ஒன்று வேண்டாமா.

நேற்று அவளுக்குப் பல்வலி.
கிஸ்லேனுக்கு வெங்காயம் ஆகாது.

சூப் கொதித்தது.
நானும் அதுவும்
ஒரே வாசலில் யார் முதலில் நுழைவது என்று
நிற்கிற இரண்டு பேர் மாதிரி நின்றோம்.
குமிழ் உடையும் சத்தத்தைக் கேட்டேன், கனமாக இருந்தது.
அவள் குரல் வர வேண்டிய இடத்தில்
ஒரு சிட்டிகை போட்டேன்.
மேலே ரொட்டி, அதன் மேல் சீஸ்.
முப்பத்தியொரு கிண்ணம் வெளியே போயிற்று.

முப்பது வழித்துத் துடைத்து வந்தன.
ஒன்று அப்படியே.

ஏழாம் மேசை. புதிய முகம்,
போலந்து நம்பர் பலகை வைத்த வண்டி.
ஒரே ஒரு வாய் எடுத்திருக்கிறான்.
கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
இரண்டு கையையும் மேசைக்கு அடியில்
வைத்திருந்தான்.
முகத்தில் கோபம் இல்லை.
கணக்குப் போடுகிற முகம்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

"எத்தனை?" என்றேன்.
"பதினொன்று" என்றான்.
வருடமா என்று கேட்கவில்லை. கை சொல்லிற்று.

திரும்பி வந்தேன்.
கழுவிய சட்டியை மறுபடி கழுவினேன்.
லீக்ஸ், இரண்டு உருளைக்கிழங்கு, வெண்ணெய்,
கடைசியில் ஒரு ஸ்பூன் ஆப்பிள் வினிகர்.
அதே தோட்டம்தான்,
வேறு கதவு வழியாக.

இருபத்தைந்து நிமிடம் அவன் காத்திருந்தான்,
வெளியே அவன் லாரியின் மீது மழை.

கொண்டுபோகும் முன்
கரண்டியில் எடுத்தேன், ஊதினேன்,
அந்த அடுப்படியில் முதல்முறையாக
வாயில் வைத்தேன்.

உப்பு போதவில்லை.