எச்சம்

என் பெயர் ஊல்போல்சுன்.
கிர்கிஸ் மொழியில் 'மகன் பிறக்கட்டும்' என்று பொருள்.
மூன்றாவது பெண்ணுக்கு
அப்பா வைத்த முன்கணிப்பு அது.
நான்காவதும் பெண்.
கணிப்பு பொய்ப்பதைப் பற்றி
எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிஷ்கெக்கில், ஆறாம் மாடியில்,
ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யும் அறையில்
பதினோரு வருடமாக வெளிச்சத்தை எண்ணுகிறேன்.
அரசின் புள்ளிவிவரத்தை அரசே நம்பாத நாடுகளில்
வளர்ச்சியை வானத்திலிருந்து அளக்கலாம்:
இரவில் செயற்கைக்கோள் எடுக்கும் படம்,
சதுரம் சதுரமாய் இருட்டு.
எந்தச் சதுரம் வெளுக்கிறதோ
அங்கே யாரோ சம்பாதிக்கிறார்கள்,
பல்பு மாட்டுகிறார்கள்.
இதை முப்பத்தெட்டுப் பக்கங்களில் எழுதினேன்.
நான்கு நாடுகளின் நிதி அமைச்சகங்கள்
அதில் முதல் இரண்டைப் படித்தன.

போன குளிர்காலம் ஒரு சதுரத்தில் கணக்கு உதைத்தது.
நாரின் பள்ளத்தாக்கில், கோக்-தஷ் பக்கம்.
அணையில் நீர் இறங்கி
நாடே முறைவைத்து இருட்டில் கிடந்த ஜனவரியில்
அது மட்டும் தகதகத்தது.
ஒரே வருடத்தில் ஒன்பது மடங்கு.
"விலகல் புள்ளி மேடம், நீக்கிவிடவா?"
என்றான் என் மாணவன் தைலாக்.
நீக்கலாம்.
நீக்கினால் கோடு நேராகும்,
கட்டுரை அச்சேறும்,
நானும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

மினிபஸ்ஸில் ஏழு மணி நேரம்.
தோலோன் கணவாயில் பனி வாரும் வரை
இன்னும் ஒன்றரை.
பக்கத்து இருக்கைக்காரர் மடியில்
கம்பளி சுற்றிய கார் பேட்டரி,
குலுங்கும்போதெல்லாம் அதைத் தட்டிக்கொடுத்தார்.

கோக்-தஷ் இருட்டாக இருந்தது.
நான் தேடி வந்த வெளிச்சம் ஊருக்கு வெளியே
மூடிப்போன கம்பளி ஆலையின் மதிலுக்குள்.
கம்பிவேலி, சுற்றிலும் ஸ்டேடியத்து விளக்குகள்,
உள்ளே நாலாயிரம் கணினிப் பெட்டிகள்
எவருக்கோ, எங்கேயோ
கிரிப்டோ நாணயம் தோண்டும் இரைச்சல்.
மின்விசிறிகள் துப்பிய வெக்கையில்
மதிலோரம் பனி உருகி
ஜனவரியில் புல் முளைத்திருந்தது.
ஆடுகளுக்கு அது தெரிந்திருந்தது.

எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டேன்.
காவலாளி மெதெர் விரல் மடக்கினார்:
"நான். என் மச்சான். நாய்."

கடைக்கார சைராகுல்
மெழுகுவர்த்தியைத் தூக்கி என் முகம் பார்த்தாள்.
"எதை அளக்க வந்தாய்?"
"வளர்ச்சியை."
அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.
குளிர்பெட்டியைத் திறந்தாள்.
உள்ளே, பால் இருக்க வேண்டிய தட்டுகளில்
கடன் நோட்டுகள்.
"இதற்குள் எலி வராது" என்றாள்.
யார் எவ்வளவு மாவு, எவன் மகன் மாஸ்கோவில்,
பணம் வரும் தேதி, வராமல் போன தேதி.
எழுபது வீடுகள், பென்சிலில்.
ஒரு இரவு முழுக்கப் படியெடுத்தேன்.
வருடத்துக்கு இருபத்தொரு சதவீதம்
கடன் வளர்கிறது.
இவ்வளவு சுத்தமான தரவை
எந்த அமைச்சகமும் எனக்குத் தந்ததில்லை.

சமன்பாடு விளக்க முடியாமல் விட்டதை
எச்சம் என்போம் எங்கள் துறையில்.
எச்சம் என்றால் பிள்ளை என்றும் அர்த்தம்,
முடியாமல் நிற்கும் சொல் என்றும்,
காக்கை போட்டுவிட்டுப் போவது என்றும்.
நான் அதை அட்டவணையில் வைத்தேன்.
கோடு வளைந்தது.
ஆய்விதழ் இரண்டு முறை திருப்பி அனுப்பியது.
துணை அமைச்சர் மட்டும்
திரையில் அந்த வெள்ளைச் சதுரத்தைக் கண்டு
"பாருங்கள், நாரினிலும்!" என்றார்.
மீதிப் படங்களை அவர் பார்க்கவில்லை,
அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

காலையில் கிளம்பும்போது
பிஸ்கட்டுக்கும் தேநீருக்கும் சில்லறை இல்லை என்னிடம்.
நோட்டைத் திறந்து பெயர் கேட்டாள். சொன்னேன்.
பென்சில் நின்றது.
"பிறந்தானா?"
"இல்லை."
தலையசைத்துவிட்டு எழுதினாள்:
ஊல்போல்சுன், நகரத்துக்காரி,
நாற்பத்தைந்து சோம்.

இன்னும் அனுப்பவில்லை.